டீசல் சிக்கனமும் தொப்பூர் இறக்கமும்

(இளமறிவியல் இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

நாமக்கல் என்றதும் வெளியூரார்க்கு மலைக்கோட்டை நினைவுக்கு வரும்; முட்டை நினைவுக்கு வரும்; அதற்கடுத்து லாரி நினைவுக்கு வரும். நமக்கோ முதலில் நினைவுக்கு வருவது லாரிதான். நெடுஞ்சாலை ஓரங்களில் பாடி கட்டும் பட்டறைகளின் சுத்தியல் ஓசை கேட்காத நாள் இல்லை. தென்னாட்டின் சமையல் எரிவாயு டேங்கர்களில் பெரும்பாலானவை நம் பகுதியினருடையவை. அண்டையில் சங்ககிரி லாரிக்கும், திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிக்கும் பெயர் பெற்றவை. 1997ஆம் ஆண்டில் சேலம் மாவட்டத்திலிருந்து நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தபோதிலும், இந்த லாரித் தொழில் இரண்டு மாவட்டங்களையும் இன்றளவும் ஒன்றாகவே பிணைத்து வைத்திருக்கிறது.

நம் கல்லூரி மாணவர்களில் எத்தனை பேருடைய கட்டணம் லாரிச் சக்கரத்திலிருந்து வருகிறது என்று கணக்கெடுத்தால் வியப்பாக இருக்கும். என்னுடையதும் அவ்வாறே வருகிறது. என் தந்தையார் இருபத்திரண்டு ஆண்டுகளாக லாரி ஓட்டுகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியவன் நானே முதலாமவன். வகுப்பில் நடத்தப்படும் இயற்பியலையும் எங்கள் வீட்டில் அன்றாடம் பேசப்படும் டீசல் கணக்கையும் அருகருகே வைத்துப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

நம் நாட்டிற்குத் தேவையான கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து வருகிறது. எண்ணெய்ச் சிக்கனத்தை மக்களிடம் எடுத்துச் சொல்வதற்கென்றே 1978இல் பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கழகம் ஏற்படுத்தப்பட்டது. புகையின் பக்கமும் பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் டீசலின் எடை ஏறத்தாழ 835 கிராம். அதில் கார்பன் மட்டும் சுமார் 720 கிராம். எரியும்போது இந்தக் கார்பன் ஆக்சிஜனோடு சேருவதால், ஒரு லிட்டர் டீசலிலிருந்து சுமார் 2.6 கிலோ கரியமில வாயு வெளிப்படுகிறது. எரிந்த பொருளை விட வெளிவந்த வாயு மூன்று மடங்கு எடை என்பது முதலில் கேட்பவர்க்கு நம்பத்தகாததாகத் தோன்றும். கூடுதல் எடை காற்றிலிருந்து எடுத்த ஆக்சிஜனுடையது என்றறிந்தால் ஐயம் நீங்கிவிடும். இதற்கும் மேலாக, டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012இல் வகைப்படுத்தியது. அந்தப் புகைக்கு மிக அருகில் நாள் முழுதும் இருப்பவர் யார்? ஓட்டுநரும் கிளீனரும் பட்டறைத் தொழிலாளியுமே அல்லவா?

வேகத்திற்கு நாம் கொடுக்கும் விலை

வண்டியும் சரக்கும் சேர்ந்து 25 டன் எடையுள்ள ஒரு லாரி சமதளத்தில் ஒரே வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். இரண்டு தடைகள் அதை எதிர்க்கின்றன. ஒன்று டயரின் உருளல் தடை. எடையில் ஆயிரத்துக்கு ஏழு பங்கு என்று மதிப்பிட்டால் அது ஏறத்தாழ 1,700 நியூட்டன். வேகம் கூடினாலும் பெரிதாக மாறாது. மற்றொன்று காற்றின் தடை. இதுவோ வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வது. லாரியின் முகப்பு அகலத்தையும் உயரத்தையும் வைத்து நான் கணக்கிட்டதில், மணிக்கு 60 கிலோமீட்டரில் சுமார் 1,070 நியூட்டனும், 80 கிலோமீட்டரில் சுமார் 1,900 நியூட்டனும் வந்தன.

இனி 100 கிலோமீட்டர் தூரத்திற்கு ஆகும் டீசலைப் பார்ப்போம். ஒரு லிட்டரில் அடங்கிய ஆற்றல் சுமார் 36 மெகாஜூல். நல்ல நிலையிலுள்ள எஞ்சின் அதில் நூற்றுக்கு 40 பங்கை வேலையாக மாற்றும் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டால், 60 கிலோமீட்டர் வேகத்தில் 19 லிட்டர் ஆகிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் 25 லிட்டர் ஆகிறது. மிச்சப்படும் நேரம் 25 நிமிடம். அதற்குக் கொடுக்கும் விலை ஆறு லிட்டர் டீசலும் 15 கிலோவுக்கு மேற்பட்ட கரியமில வாயுவும். வழியில் ஒரு சுங்கச்சாவடியில் வரிசை நின்றால் அந்த 25 நிமிடமும் போய்விடும். டீசல் மட்டும் திரும்பி வராது.

பிரேக்கின் கணக்கு இதைவிட வியப்பானது. அதே லாரி 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் மூன்றரை மெகாஜூல். பிரேக்கை மிதித்து நிறுத்தினால் அவ்வளவும் டிரம்மில் வெப்பமாகிக் காற்றில் கலந்துவிடும். மறுபடியும் அதே வேகத்தை எட்டக் கிட்டத்தட்ட கால் லிட்டர் டீசல் செலவாகும். நான்கு முறை நின்று புறப்பட்டால் ஒரு லிட்டர் போயிற்று. ஆகவே முன்னால் அரை கிலோமீட்டர் தொலைவில் வேகத்தடையோ சிவப்பு விளக்கோ தெரியும்போதே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடும் ஓட்டுநர், கடைசி நொடியில் பிரேக் மிதிப்பவரை விடத் திறமைசாலி என்பதில் ஐயமில்லை. அவசரப்படாதவரை 'உருட்டுகிறான்' என்று கேலி பேசுவது நம் ஊர்ச் சாலைகளில் வழக்கம். கேலி பேசுபவரின் டீசல் கணக்கையும் கேட்டுப் பார்க்கலாம்.

தொப்பூர்

பெங்களூரிலிருந்து தருமபுரி வழியாகச் சேலம் வரும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் தொப்பூர் கணவாய் உள்ளது. சேலம் நோக்கி வரும் வண்டிகளுக்கு அது நீண்ட இறக்கம். அங்கு நடக்கும் விபத்துகளைப் பற்றி நாளேடுகளில் படிக்காதவர் இரார். 2020 டிசம்பரில் ஒரு லாரி பல வண்டிகள் மீது மோதியதில் நால்வர் மாண்டனர். 2024 ஜனவரியில் மீண்டும் நால்வர் உயிர் இழந்தனர். ஒவ்வொரு விபத்திற்கும் காரணம் ஒன்றே என்று சொல்ல முடியாது. ஆனால் லாரித் தொழிலில் உள்ள எவரைக் கேட்டாலும் ஒரு பழக்கத்தைத் தவறாமல் குறிப்பிடுவார்கள். டீசலை மிச்சப்படுத்த எண்ணி நியூட்ரலில் இறங்குவதே அது. சிலர் எஞ்சினையே நிறுத்திவிட்டு இறங்குவதும் உண்டு. என் தந்தையின் நண்பர் ஒருவர் அந்த இறக்கத்தில்தான் இறந்தார். வண்டி நியூட்ரலில் இருந்ததாகப் பின்னர் சொன்னார்கள்.

இந்த வழக்கத்தால் டீசல் உண்மையில் மிச்சமாகிறதா? உயிரைப் பற்றிப் பேசுமுன் கணக்கைப் பற்றியே பேசுவோம்.

கியரில் இறங்கும்போது எஞ்சின் உரக்க இரைகிறது. இரைந்தால் டீசல் குடிக்கிறது என்று நம் காது நினைக்கிறது. இங்குதான் பிழை. கியரில் இருக்கும் வண்டியில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் எஞ்சினைச் சுழற்றுவது டீசல் அன்று, சக்கரம். ஐட்லிங் வேகத்திற்கு மேல் எஞ்சின் சுழலும் வரையில், பழைய வண்டிகளில் பம்பிலுள்ள கவர்னரும் புதிய வண்டிகளில் மின்னணுக் கட்டுப்பாடும் டீசலை அறவே நிறுத்திவிடுகின்றன. செலவு சுழி. நியூட்ரலிலோ எஞ்சினைத் தள்ளச் சக்கரம் இல்லை. அது அணையாமல் இருக்க டீசல் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். ஆக, செங்குத்தான இறக்கத்தில் கியரில் இறங்குபவருக்குச் செலவில்லை. நியூட்ரலில் இறங்குபவருக்கே செலவு. எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குபவரும் கியரில் இறங்குபவரை விட ஒரு சொட்டுக்கூட மிச்சம் பிடிப்பதில்லை.

பிரேக்கே தேவைப்படாத மெல்லிய சரிவில் நியூட்ரலில் வண்டி சற்றுத் தொலைவு கூடுதலாக ஓடும் என்பது மெய்தான். அந்த அனுபவத்தைக் கொண்டுபோய்த் தொப்பூரில் வைப்பதால்தான் கேடு விளைகிறது.

இறங்கும் வண்டியின் நிலை ஆற்றல் எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். 25 டன் லாரி 100 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் 24.5 மெகாஜூல். நூற்றுக்கு நான்கு என்ற சரிவில், மெதுவாக இறங்கும்போது, அதில் ஐந்தில் ஒரு பங்கை உருளல் தடையும் காற்றும் வாங்கிக்கொள்ளும். மீதி சுமார் 20 மெகாஜூல். இது நாலைந்து குடம் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம். கியரில் இறங்கினால் இதில் பெரும்பகுதியை எஞ்சின் காற்றை அமுக்கியும் தள்ளியும் செலவழித்துவிடும். எக்ஸாஸ்ட் பிரேக் உள்ள வண்டியில் இன்னும் கூடுதலாகச் செலவழிக்கும். நியூட்ரலில் இறங்கினால் அத்தனையும் பிரேக் டிரம்களின் தலையில் விழுகிறது. ஆறு டிரம், ஒவ்வொன்றும் 60 கிலோ வார்ப்பிரும்பு என்று வைத்துக்கொண்டால், 100 மீட்டர் இறக்கத்திற்கு 120 பாகை அளவுக்குச் சூடேறும். காற்று கொஞ்சம் ஆற்றும். ஆயினும் இறக்கம் தொடர்ந்துகொண்டே இருக்கிறதே! சூடேறிய டிரம் விரிந்து லைனிங்கை விட்டு விலகுகிறது. லைனிங்கும் 300 பாகையைத் தாண்டினால் தன் உராய்வுத் திறனை இழக்கத் தொடங்குகிறது. பெடல் மிதிபடும், வண்டி நிற்காது. அந்த நிலையில் மீண்டும் கியர் போடலாம் என்றால், வேகம் பிடித்த வண்டியில் கியர் விழாது. எஞ்சினை அணைத்திருந்தாலோ ஏர் பிரேக்குக்குக் காற்று நிரப்பும் கம்பிரஸர் நின்றுவிடுகிறது. ஒவ்வொரு மிதிப்புக்கும் டாங்கியிலுள்ள காற்று குறைந்துகொண்டே வரும். ஸ்டீயரிங்கும் கனத்துவிடும்.

இந்தக் கணக்கையெல்லாம் போடுவதற்கு முன்பே தந்தையாரிடம் ஒருநாள், "ஏனுங்கப்பா, எறக்கத்துல நியூட்ரல் போட்டா டீசல் மிச்சமாகுங்களா?" என்று கேட்டேன். "டீசல் மிச்சமாகுதோ இல்லியோ கண்ணு, ஆளு மிச்சமாகோணுமில்ல? எந்தக் கியர்ல ஏறுவியோ அந்தக் கியர்லதான் எறங்கோணும்" என்றார். அவர் எட்டாம் வகுப்போடு நின்றவர். நான் இரண்டு பக்கம் எழுதி வந்து சேர்ந்த இடத்தில் அவர் முன்பே நின்றுகொண்டிருந்தார். ஆயினும் டீசல் மிச்சமாகவே ஆகாது என்று நான் காட்டியபோது அவருக்கும் அது புதுச் செய்தியாகவே இருந்தது. மறுநாள் லோடு ஏற்றும் இடத்தில் நான்கு பேரிடம் சொன்னாராம். இருவர் நம்பவில்லை.

காற்றும் டயரும் நாசிலும்

ஒரு லிட்டர் டீசல் முழுமையாக எரியக் குறைந்தது 10,000 லிட்டர் காற்று வேண்டும். லாரியின் ஏர் பில்டர் ஏன் அவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதற்கு இதுவே விடை. கல் குவாரிச் சாலையிலும் சிமெண்டு ஆலை வளாகத்திலும் ஓடும் வண்டியின் பில்டர், நெடுஞ்சாலையில் மட்டும் ஓடும் வண்டியினதைவிட விரைவில் அடைத்துக்கொள்ளும். ஆகவே கையேட்டில் சொன்ன கிலோமீட்டர் வரையில் காத்திராமல் முன்னதாகவே பார்க்க வேண்டும். காற்று குறைந்தால் கரும்புகை வரும். கரும்புகை என்பது எரியாத கார்பன். காசு கொடுத்து வாங்கிய டீசலின் ஒரு பகுதி. நாசில் தேய்ந்து, டீசல் பனிபோல் தெளிக்காமல் சொட்டினாலும் அதே புகைதான். இழுவை கூடும் என்று பம்பின் சீலை உடைத்து டீசலைக் கூட்டி வைக்கும் பழக்கம் பழைய வண்டிகளில் உண்டு. இழுவை சற்றுக் கூடுகிறதோ என்னவோ, புகை நிச்சயம் கூடுகிறது.

டயரில் காற்று குறைந்தால், மேற்சொன்ன ஆயிரத்துக்கு ஏழு என்பது எளிதில் எட்டாகும். அந்த ஒன்றுக்காக 60 கிலோமீட்டர் வேகத்தில் நூற்றுக்கு ஒன்பது பங்கு டீசல் கூடுதலாகப் போகும். இரட்டைச் சக்கரங்களில் உட்புற டயரை எவரும் குனிந்து பார்ப்பதில்லை. இரும்புத் தடியால் தட்டி ஓசை கேட்பது முற்றிலும் காற்று இறங்கிய டயரைக் கண்டுபிடிக்க உதவும். கால் பங்கு குறைந்ததைக் காட்டாது. அதற்கு அளவுமானி வேண்டும்.

2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பாரத் நிலை 6 வண்டிகளில் புகைத்துகளைப் பிடிக்கும் வடிகட்டியும், யூரியாக் கரைசல் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கும் அமைப்பும் உள்ளன. டீசலிலும் கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்காகக் குறைக்கப்பட்டுள்ளது. இவை நல்ல ஏற்பாடுகளே. ஆனால் இவை கரியமில வாயுவைக் குறைப்பதில்லை. அது எரித்த டீசலின் அளவை மட்டுமே பொறுத்தது.

கணக்கு நோட்டு

பல இடங்களில் லாரி உரிமையாளர், லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று மைலேஜ் நிர்ணயிக்கிறார். குறைந்தால் ஓட்டுநரின் சம்பளத்தில் பிடிக்கிறார். என் தந்தைக்கும் முன்பு ஓரிடத்தில் இவ்வாறு பிடித்ததுண்டு. அந்த மாதம் எங்கள் வீட்டில் மளிகைக் கடன் ஏறியது. உரிமையாளர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. மாதம் 8,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி லிட்டருக்கு 4 கொடுப்பதற்கும் 4.4 கொடுப்பதற்கும் இடையே 180 லிட்டர் வித்தியாசம். லிட்டர் 90 ரூபாய் என்றாலே 16,000 ரூபாய்க்கு மேல். ஆனால் பிடித்தம் என்ற அச்சத்தோடு தொப்பூர் உச்சியில் வந்து நிற்கும் ஓட்டுநரின் கை எந்தப் பக்கம் போகும்? நியூட்ரலுக்குத்தான்.

நான் பார்த்த நோட்டில் இரண்டே பத்திகள் இருந்தன: ஓடிய கிலோமீட்டர், போட்ட டீசல். ஏற்றிய எடை இல்லை; எஞ்சின் ஓடியபடி வரிசையில் நின்ற நேரம் இல்லை; மலைப்பாதையா சமதளமா என்பதும் இல்லை. 25 டன்னோடு போனவரையும் வெற்று வண்டியோடு திரும்பியவரையும் ஒரே எண்ணால் அளப்பது, ஆய்வகத்தில் எடையைக் குறிக்காமல் ஊசலின் அலைவுகளை மட்டும் எண்ணிச் சுருள்வில்லின் மாறிலியைக் கண்டுபிடிப்பது போன்றது. இப்போது என் தந்தை தனியே ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறார். பத்திகளை நான் கோடு போட்டுக் கொடுத்தேன்: எடை, வழி, நின்ற நேரம், டயர் காற்று பார்த்த தேதி, பில்டர் தட்டிய தேதி. மூன்று மாதக் கணக்கு சேர்ந்திருக்கிறது. ஆறு மாதம் ஆனதும் உரிமையாளரிடம் காட்டலாம் என்றிருக்கிறார்.