கோபத்துக்கும் ஒரு கணக்கு வைப்போம்



"அவருக்கு முன்கோபம், ஆனால் மனது வெள்ளை." நம்மவர் வீடுகளில் அடிக்கடி கேட்கும் வசனம் இது. எமது வீட்டிலும் பல வருடங்களாக இதையே சொல்லி வந்தோம். இப்படிச் சொல்லிச் சொல்லியே ஒரு சிறு பிள்ளையைப் பொய் சொல்லப் பழக்கிவிட்டோம் என்பது மிகப் பிந்தியே எமக்கு விளங்கியது. எவரையும் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. இதே நிலையில் உள்ள வேறு குடும்பங்களுக்கு ஒரு வழி தெரியட்டும் என்பதற்காக, எமது தந்தையாரின் சம்மதத்துடன் எழுதுகின்றோம்.

நடந்தது என்ன?

எமது தந்தையார் யாழ்ப்பாணத்தில் ஆசிரியராக இருந்தவர். ஊர்க் கோயிலில் கந்தபுராணப் படிப்புக்குப் பயன் சொன்னவர். இப்போது இங்கிலாந்தில் எம்முடன் வாழ்கின்றார். 2022ஆம் ஆண்டு கந்தசஷ்டி விரதத்தின் மூன்றாம் நாள் மாலை, தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைக்கும்படி பேரனிடம் கூறினார். ஒன்பது வயதுப் பிள்ளை விளையாட்டுப் போக்கில் உடனே குறைக்கவில்லை. தந்தையார் கையிலிருந்த செம்பை எறிந்துவிட்டார். அது பிள்ளையின் புருவத்தில் பட்டது.

வைத்தியசாலையில் இரண்டு தையல் போட்டார்கள். "எப்படி நடந்தது?" என்று தாதி கேட்டபோது, நாம் வாய் திறக்க முன்னரே, "படியில் விழுந்துவிட்டேன்" என்று பிள்ளை சொன்னான். நாமும் மௌனமாக நின்றோம்.

அந்தப் பொய்யை யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் "அப்பப்பாவுக்குக் கோபம் வந்தால் பேசாமல் இரு", "வெளியிலே சொல்லாதே" என்று நாம்தான் நெடுகச் சொல்லி வந்தோம். பிள்ளை அதைச் சரியாகவே படித்திருந்தான்.

கணக்குப் புத்தகம்

நாம் கணக்காளராகத் தொழில் செய்கின்றோம். ஒரு நிறுவனத்தின் பணம் குறைந்தால் "இந்த நிறுவனம் அப்படித்தான்" என்று எழுதிப் புத்தகத்தை மூடுவதில்லை. எந்த நாளில், எந்த இடத்தில், யார் கையால் குறைந்தது என்று தேடுவோம். ஆனால் வீட்டுக் கோபத்தை மட்டும் "அவருடைய சுபாவம்" என்று எழுதி மூடிவிட்டோம்.

அந்த வார முடிவில் ஒரு கொப்பி வாங்கி நான்கு நிரல்கள் கீறினோம். 1. நாளும் நேரமும். 2. கோபத்துக்கு முந்திய சில மணித்தியாலங்களில் நடந்தவை (சாப்பாடு, மருந்து, நித்திரை, சத்தம், செய்தி). 3. கோபம் யார் மீது? 4. எவ்வளவு நேரத்தில், எப்படித் தணிந்தது?

ஒரு விதி வைத்தோம். நடந்ததை மட்டும் எழுத வேண்டும். "கதவை அடித்துச் சாத்தினார்" என்று எழுதலாம். "வழமைபோல் அநியாயமாக நடந்தார்" என்று எழுதக் கூடாது. தீர்ப்பை எழுதினால் காரணம் மறைந்துவிடும்.

பன்னிரண்டு வாரங்களில் 21 பதிவுகள் சேர்ந்தன. கூட்டிப் பார்த்தபோது அவை ஒரே கோபம் அல்ல, மூன்று வகையான கோபங்கள் என்பது தெரிந்தது.

முதலாவது: உடம்பின் கோபம்

21 பதிவுகளில் 13 மாலை 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையில் வந்தவை. தந்தையார் நண்பகலில் சோறு உண்பார். இரவுச் சாப்பாடு எட்டு மணிக்குப் பிறகே. நீரிழிவுக்காகக் காலையில் கிளிக்ளசைட் என்ற மாத்திரை எடுப்பவர். ஒரு மாலை கோபத்தின் நடுவே அவருடைய கை நடுங்குவதையும் நெற்றி வியர்ப்பதையும் கண்டு துணைவியார் இரத்தத்தைச் சோதித்தார். சீனி லீட்டருக்கு 3.4 மில்லிமோல் இருந்தது. 4க்குக் கீழே போனால் அது ஆபத்தான குறைவு.

கிளிக்ளசைட் போன்ற சில மாத்திரைகளும் இன்சுலினும் சீனியை அளவுக்கு மிஞ்சிக் குறைத்துவிடக் கூடும். அப்போது பசி, வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் என்பவற்றுடன் எரிச்சலும் கோபமும் வரும். செம்பை எறிந்த அன்று காலையும் தந்தையார் மாத்திரையை எடுத்துவிட்டு, தீர்த்தம் தவிர வேறெதுவும் உட்கொள்ளாமல் விரதம் இருந்திருக்கின்றார்.

குடும்ப வைத்தியரிடம் கொப்பியைக் கொண்டு சென்றோம். தையல் எப்படி வந்தது என்ற உண்மையையும் சொன்னோம். அவர் மருந்தின் அளவை மாற்றினார். மாலை நாலரைக்குத் தேநீருடன் சிற்றுண்டி கொடுக்கத் தொடங்கினோம். அடுத்த பன்னிரண்டு வாரங்களில் அந்த 13 பதிவுகள் 2 ஆகக் குறைந்தன.

சீனி குறைந்தால் ஒரு சிறு கிளாஸ் பழச்சாறு அல்லது நான்கைந்து குளுக்கோஸ் வில்லைகள் கொடுத்து, 10 முதல் 15 நிமிடங்களில் திரும்பச் சோதிக்க வேண்டும். 4க்கு மேலே வந்தபின் பாண், பிஸ்கட் போன்ற ஏதாவது கொடுக்கலாம். மயங்கியவருக்கு வாயால் எதுவும் கொடுக்காமல் உடனே 999ஐ அழைக்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் வைத்தியரிடமோ நீரிழிவுத் தாதியிடமோ கேட்காமல் கந்தசஷ்டி போன்ற விரதங்களை அனுட்டிக்க வேண்டாம். நாம் குருக்கள் ஐயாவிடமும் கேட்டோம். நோயாளிகள் பால் பழம் எடுத்து விரதம் இருக்கலாம் என்று அவர் கூறிய பின்னரே தந்தையார் சமாதானமடைந்தார்.

நீரிழிவு ஓர் உதாரணம் மாத்திரமே. காது கேளாமை, நாட்பட்ட நோ, நித்திரையின்மை, தைரொயிட் கோளாறு, மனச்சோர்வு, மதுப் பழக்கம் என்பனவும் கோபமாக வெளிப்படலாம். முதியவர் ஒருவரின் குணம் சில நாட்களுக்குள் மாறினால் சிறுநீர்த் தொற்றுப் போன்ற நோயாக இருக்கலாம். மாதக்கணக்கில் மெல்ல மாறினால் மறதி நோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியரைக் காண வேண்டும்.

இரண்டாவது: நினைவின் கோபம்

ஐந்து பதிவுகள் வெடிச் சத்தம் கேட்ட இரவுகளில் வந்தவை. நான்கு நவம்பர் முதல் வாரத்தில், ஒன்று டிசம்பர் 31 இரவு. தந்தையார் பயந்தேன் என்று ஒருநாளும் சொல்லவில்லை. "ஜன்னலை ஏன் பூட்டவில்லை?" என்றுதான் கத்தினார்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக் கணக்கில் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி வெளியேறியதை வாசகர்கள் பலரும் அறிவர். எமக்கு அப்போது பதின்மூன்று வயது. ஷெல் சத்தம் பின்னால் கேட்க, அப்பாச்சியைச் சைக்கிளில் இருத்தித் தந்தையார் உருட்டி வந்தார். அதுவும் ஐப்பசி மாதம். இங்கே தீபாவளி, கந்தசஷ்டி, வாணவேடிக்கை எல்லாம் ஒன்றுகூடும் அதே காலம்.

போரைக் கண்டவர்களுக்கு வரும் மன வடுவின் அறிகுறிகளில் திடுக்கிடுதல், கெட்ட கனவு, நித்திரைக் குறைவு என்பவற்றுடன் கோப வெடிப்பும் ஒன்று. இதற்குச் சிகிச்சை உண்டு. மன வடுவுக்கென்றே அமைந்த பேச்சுச் சிகிச்சையும், ஈ.எம்.டி.ஆர். என்ற முறையும் இந்நாட்டில் வழங்கப்படுகின்றன. இங்கிலாந்தில் என்.எச்.எஸ். பேச்சுச் சிகிச்சைச் சேவைக்கு வைத்தியரின் கடிதம் இல்லாமல் நாமே விண்ணப்பிக்கலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம். தயவுசெய்து பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளர் ஆக்காதீர்கள். பிள்ளை இருக்கும் இடத்தில் பெரியவர் உண்மையைச் சொல்லமாட்டார்.

வீட்டிலும் சில செய்யலாம். வெடி கொளுத்தப்படும் நாட்களை முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். இங்கிலாந்தில் வழமையாக இரவு 11 மணிவரையும், நவம்பர் 5இல் நள்ளிரவுவரையும், தீபாவளியன்று அதிகாலை 1 மணிவரையும் வெடி கொளுத்தச் சட்டம் இடமளிக்கின்றது. அந்த நேரத்தில் நாம் தந்தையாருடன் இருந்து தேவாரப் பாடல்களைச் சற்றுச் சத்தமாகப் போடுகின்றோம். பேரன் பக்கத்தில் இருந்து கேள்வி கேட்பான், அவர் கருத்துச் சொல்வார்.

மூன்றாவது: அதிகாரத்தின் கோபம்

மீதி மூன்று பதிவுகள்தான் எமக்குக் கடினமாக இருந்தன. அவற்றில் சீனியும் குறையவில்லை, வெடியும் கேட்கவில்லை. மூன்றும் மருமகள் மீது வந்தவை. இதே காரணங்களுக்காக மகன் மீதோ, கோயிலில் சந்திப்பவர்கள் மீதோ அவர் கோபித்ததில்லை.

திருக்குறளின் 31ஆம் அதிகாரம் வெகுளாமை. நமது கோபம் எடுபடும் இடத்தில், அதாவது நம்மிலும் எளியவரிடத்தில், அதை அடக்குவதே உண்மையான அடக்கம் என்பதே அதன் முதற் குறளின் கருத்து. மேலாளரின் முன்னால் அடங்கும் கோபம் மனைவியின் முன்னால் அடங்கவில்லை என்றால், அவருக்கு அடக்கத் தெரியும், வீட்டில் அடக்குவதில்லை என்பதே பொருள். இதற்கு மாத்திரை இல்லை.

தந்தையாரிடம் பேச வேண்டியது மகனாகிய எமது கடமை. ஆனால் அதற்கு முதல்நாள் துணைவியார், "மாமாவின்ரை கணக்கு மட்டும் எழுதினால் காணுமே? உங்கடை பக்கமும் ஒண்டு திறந்திருக்கிறன், பாருங்கோ" என்று கொப்பியின் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். அதில் எமது பெயரில் ஆறு பதிவுகள் இருந்தன. ஐந்து அவர் மீது, ஒன்று பிள்ளை மீது. அலுவலகத்தில் எவர் மீதும் ஒன்றுமில்லை. வாசித்த பின் நெடுநேரம் பேச்சு வரவில்லை.

மறுநாள் தந்தையாரிடம் இரண்டு பக்கங்களையும் சேர்த்தே காட்டினோம். முதலில் எமது பக்கம், பிறகு அவருடையது. அவர் கண்ணாடியைப் போட்டு முழுவதும் வாசித்தார். பிறகு, "பிள்ளையைக் கூப்பிடு" என்றார். பேரனின் புருவத்தைத் தடவி, "அப்பப்பா செய்தது பிழை. நீ இனி எனக்காகப் பொய் சொல்லக் கூடாது" என்றார். மருமகளிடம் நேரே ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவர் மீது அதன்பின் பதிவு ஏதும் இல்லை. எமது பக்கத்தில் இன்னும் சில உண்டு, குறைந்து வருகின்றன.

கோபம் வந்த வேளையில்

1. நியாயம் பேச வேண்டாம். குரலைத் தாழ்த்தி, சிறு வசனமாகப் பேசுங்கள்.
2. பிள்ளைகளை வேறு அறைக்கு அனுப்புங்கள்.
3. வாசலை மறித்து நிற்க வேண்டாம். கையைப் பிடிக்க வேண்டாம்.
4. விலகிச் செல்லும்போது, "அரை மணித்தியாலத்தில் வந்து கதைப்போம்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். சொன்னபடி திரும்பி வாருங்கள்.
5. மறுநாள் கட்டாயம் பேசுங்கள். பேசாமல் விட்டால் கணக்கு அடுத்த மாதத்துக்குப் போகும்.

எல்லை எது?

வீட்டில் ஒருவர் மற்றவருக்குப் பயந்து வாழ்ந்தால், அடி விழுந்தால், பணம், தொலைபேசி, கடவுச்சீட்டு என்பன பறிக்கப்பட்டால், அங்கே பொறுமையும் கொப்பியும் போதாது. கொப்பி எழுதுவதே ஆபத்தாகலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015 முதல் குடும்பத்தவரை இடைவிடாது அடக்கி ஆள்வதே ஐந்து ஆண்டுகள்வரை சிறை விதிக்கக்கூடிய குற்றம். 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீட்டு வன்முறையைக் காணும், கேட்கும் அல்லது அதன் விளைவை அனுபவிக்கும் பிள்ளையும் பாதிக்கப்பட்டவரே.

0808 2000 247 என்ற இலக்கத்தில் 24 மணி நேரமும் இலவசமாகப் பேசலாம். உடனடி ஆபத்தில் 999. கைத்தொலைபேசியில் அழைத்து, பேச முடியாவிட்டால், கேட்கும்போது 55ஐ அழுத்துங்கள். காரணத்தை விளங்கிக்கொள்வது வேறு, அடியைப் பொறுத்துக்கொள்வது வேறு. தந்தையாருக்குச் சீனி குறைந்திருந்தது உண்மை. பிள்ளைக்குத் தையல் போட்டதும் உண்மை. கணக்கில் இரண்டையும் எழுத வேண்டும்.

சூரசங்காரத்தின் முடிவில் சூரபன்மன் மயிலும் சேவலுமாகி முருகனின் வாகனமாகவும் கொடியாகவும் நின்றதைத் தந்தையார் பேரனுக்கு அடிக்கடி சொல்வார். கடந்த சஷ்டியில் பால் பழம் எடுத்து, மாத்திரையின் அளவை வைத்தியரிடம் கேட்டு, ஆறு நாளும் விரதம் காத்தார். கொப்பியில் அந்த ஆறு நாளும் வெறுமையாகவே உள்ளன. எல்லா இல்லங்களிலும் அமைதி நிலவ முருகப்பெருமான் திருவருள் கிடைப்பதாக.