திருப்பணியும் பழைமை பேணலும்



எம்பெருமான் பிள்ளையாரின் அடுத்த கும்பாபிஷேகம் பற்றிய பேச்சு ஊரில் எழுந்துள்ள இவ்வேளையில், பழைய கட்டடங்களைப் பேணுவது பற்றிச் சில விடயங்களை இம்மலர் வாயிலாக உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன். நான் தொல்பொருள் அறிஞன் அல்லன். முப்பது வருடங்களுக்கு மேல் அரசாங்க அலுவலகங்களில் எழுதுவினைஞராகக் கடமையாற்றி ஓய்வு பெற்றவன். கோவையிலிருந்த ஒரு பழைய கடதாசி ஒரு குடும்பத்தின் காணியைக் காப்பாற்றியதைக் கண்ணால் கண்டவன். ஓர் ஊருக்கு அதன் பழைய கல்லும் சுவரும் அத்தகைய பத்திரங்களே ஆகும்.

கல் கூறும் வரலாறு

நமது அம்பாறை மாவட்டம் 1961ஆம் ஆண்டிலேயே தனி மாவட்டமானது. அதற்கு முன் இக்கரையோரம் மட்டக்களப்பு மாவட்டத்தில் அடங்கியிருந்தது. இப்பகுதியின் பழைய செய்திகளை எப்.எக்ஸ்.சி. நடராசா பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’ (1962), வித்துவான் வீ.சீ. கந்தையா எழுதிய ‘மட்டக்களப்புத் தமிழகம்’ (1964) ஆகிய நூல்கள் நமக்குத் தந்தன. எனினும் ஏட்டுக்கு ஏடு பாடம் வேறுபடும். கல்லில் வெட்டிய எழுத்து அவ்வாறு மாறுவதில்லை. தம்பிலுவில் கண்ணகை அம்மன் ஆலயக் கல்வெட்டு, விசயபாகு என்னும் அரசனின் 10ஆம் ஆட்சியாண்டில் சிவஞான சங்கரர் கோயிலுக்கு வழங்கிய கொடையைக் கூறுகின்றது. அக்கல்லை யாரேனும் உடைத்து அத்திவாரத்தில் போட்டிருந்தால் அக்கோயிலின் பெயரே நமக்குத் தெரிந்திராது.

திருக்கோணேச்சரத்தைப் பாருங்கள். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் அதனை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினர். இன்றும் திருகோணமலைக் கோட்டை வாயிலில் மீன் சின்னமும் தமிழ் எழுத்தும் பொறித்த கல் நிற்கின்றது. பகைவர் இடித்த கோயிலின் கல் சாட்சியாக மிஞ்சியது. நாம் பக்தியோடு இடித்தவற்றுக்கு என்ன மிஞ்சியது?

எமது பிழை

சென்ற திருப்பணியின்போது நமது ஆலயத்தின் பழைய முன்மண்டபத்தை இடித்தோம். கூட்டத்தில் கை உயர்த்தியவர்களில் அடியேனும் ஒருவன். தூண் ஒன்றின் அடியில் எழுத்துப் போன்ற கீறல்கள் இருந்ததாக வேலை செய்த மேசன் கூறினார். மறுநாள் சென்று பார்த்தபோது கல் உடைக்கப்பட்டு கொங்கிறீற்றுக்குள் போய்விட்டது. ஒரு புகைப்படம்கூட எடுக்கவில்லை. அது எழுத்தா, வெறும் கீறலா என்பதை இனி எவரும் அறிய முடியாது. இக்குறை இன்றும் என் மனதை வருத்துகின்றது.

சுண்ணாம்பும் சீமெந்தும்

பழைய சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டவை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி மீண்டும் வெளியே விடும். அதன்மேல் சீமெந்து பூசினால் ஈரமும் கடற்காற்றின் உப்பும் உள்ளே அடைபட்டு, செங்கல் பொடியாக உதிரும். கொங்கிறீற்றும் கடலோரத்தில் நிரந்தரமன்று. உப்புப் பட்டு உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருக்கும்போது கொங்கிறீற்று வெடிக்கும். கருங்கல்லில் வர்ணம் பூசுவதும், இயந்திரத்தால் மணலை வீசிச் சுத்தம் செய்வதும் எழுத்துக்களை மறைக்கும் அல்லது அழிக்கும். ஆகமம் கூறும் ஜீர்ணோத்தாரணம் என்பது சிதைந்ததைச் சீர்செய்வதாகும். நன்றாக இருப்பதையும் இடித்துப் புதிதாக்குவது அதன் கருத்தன்று.

சட்டமும் அச்சமும்

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட கட்டடங்களைப் புராதனச் சின்னங்களாகக் கொள்கின்றது. பாதுகாக்கப்பட்டதாகப் பிரகடனம் செய்யப்பட்ட சின்னத்தில் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதியின்றி வேலை செய்தல் கூடாது.

“பழைய கல் இருப்பதாகச் சொன்னால் காணி பறிபோய்விடும்” என்று சிலர் அஞ்சுகின்றனர். 2020இல் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுகளுக்கென நியமித்த ஜனாதிபதி செயலணியில் முதலில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இடம்பெறாததால், இவ்வச்சம் காரணமற்றது என்று நான் கூறமாட்டேன். ஆனால் அதற்காகக் கல்லை மறைப்பதும் உடைப்பதும் நம் உறுதியை நாமே கிழிப்பதற்கு ஒப்பாகும். படமும் அளவும் திகதியும் எழுதி வைத்தவனுக்கே நாளை பேச வாய் இருக்கும்.

நாம் செய்யக்கூடியவை

26.12.2004 அன்று வந்த ஆழிப்பேரலை மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு எங்கும் உயிர்களோடு பழைய வீடுகளையும் பத்திரங்களையும் கொண்டு சென்றது. நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் பெயரால் கொடியேறும் கல்முனைக் கடற்கரைப் பள்ளி போன்ற அயலவரின் பழைய இடங்களும் இக்கரையின் பொதுச் செல்வங்களே. எஞ்சியவற்றைக் காப்பதற்கு அடியேன் வேண்டுவன:

1. பாலஸ்தாபனத்துக்கு முன் ஆலயத்தின் ஒவ்வொரு பகுதியையும் படமெடுத்து, அளந்து, பதிவேட்டில் எழுதுதல்.
2. எழுத்தோ சிற்பமோ உள்ள கல்லை எக்காரணம் கொண்டும் உடைக்காதிருத்தல்.
3. மூலஸ்தானத்தின் பழைய சுவரைச் சுண்ணாம்புச் சாந்து கொண்டே சீர்செய்தல்.
4. முதியோர் கூறும் ஆலய வரலாற்றை இளைஞர்கள் ஒலிப்பதிவு செய்தல்.
5. பதிவேட்டின் பிரதிகளை மூன்று வெவ்வேறு இடங்களில் வைத்தல்.

புதிய கோபுரம் எழுப்ப எந்தத் தலைமுறையாலும் முடியும். பழைய சுவரை மீண்டும் உண்டாக்க எவராலும் முடியாது. அடுத்த பொதுக்கூட்டத்தில் கை உயர்த்துமுன் இதனைச் சற்றுச் சிந்தியுங்கள். விக்கினம் தீர்க்கும் விநாயகப் பெருமான் நம் அனைவருக்கும் நல்வழி காட்டுவாராக.

சுபம்.