பாதி வழியில் பணம் கேட்கும் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்

சென்னையிலிருந்து புனேவுக்குச் சாமான் கிளம்பிய மறுநாள் போன் வரும்: "சார், பார்டர்ல டாக்ஸ் கட்டணும், உடனே ஜிபே பண்ணுங்க." அனுப்பாதீர்கள். 2017-ல் ஜிஎஸ்டி வந்ததோடு மாநில எல்லை விற்பனைவரிச் சாவடிகள் போய்விட்டன. பயன்படுத்திய வீட்டுச் சாமான்களுக்கு இ-வே பில்லும் தேவையில்லை. ஒருமுறை கொடுத்தால் அடுத்த போன் இறக்குகூலிக்கு வரும்!

வீட்டுக்கு வந்து சாமான்களைப் பார்க்காமல் போனிலேயே அடிமாட்டு ரேட் சொல்பவரைத் தவிர்த்துவிடுங்கள். ஜிஎஸ்டி எண்ணை அரசு இணையதளத்தில் தட்டினால் பதிவுப் பெயர் தெரியும். விசிட்டிங் கார்டில் வேறு பெயரா? வேண்டாம். மொத்தத் தொகை, லாரி எண், சாமான் பட்டியல், அவற்றின் மதிப்பு எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். லாரி ரசீது (எல்.ஆர்.) கைக்கு வராமல் வண்டியை நகரவிடாதீர்கள். நகையும் பத்திரமும் உங்கள் பையில்தான்.

சாமானைப் பிடித்துவைத்து மிரட்டினால் பேச்சைப் பதிவுசெய்து போலீசில் புகார் கொடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சேதம், இழப்புக்கு புக் செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்துபூர்வமாக நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நுகர்வோர் ஆணைய வழக்கை நீங்கள் குடியேறிய ஊரிலேயே போடலாம்.