சிறுவர் செயல்திட்டமும் கணினியும்

முன்னுரை

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பது நம் பெரியோர் வாக்கு. இன்று ஏட்டின் இடத்தில் கணினித் திரை வந்திருக்கிறது. திரையில் காய்க்கும் சுரைக்காய் மட்டும் கறிக்கு உதவுமா? தொடக்கப் பள்ளிக் குழந்தைகளின் செயல்திட்டங்களில் கணினியை எவ்வாறு பயன்படுத்தினால் அது உண்மையான கல்வியாகும் என்பதை இக்கட்டுரையில் காண்போம். அறிவுரை கூறும் தகுதி எனக்கில்லை. நான் தவறு செய்து கற்றவள். ஆகவே என் தவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

ஓர் இரவில் முடிந்த வேலை

என் தங்கை நான்காம் வகுப்பில் படிக்கிறாள். சென்ற ஆண்டு "நமது நீர்நிலைகள்" என்னும் தலைப்பில் செயல்திட்டம் செய்துவரச் சொன்னார்கள். கடைசி நாள் இரவு எட்டு மணிக்குத்தான் அவள் அதை என்னிடம் கூறினாள். நான் அப்பாவின் கைப்பேசியில் தேடி, அழகான ஏரிப் படங்களையும் நான்கு பக்கச் செய்திகளையும் எடுத்து, ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பி, வண்ணத்தில் அச்சிட்டு வாங்கினேன். அட்டை போட்டு, வெள்ளி நிற நாடா ஒட்டினேன். தங்கை செய்தது ஒன்றே ஒன்றுதான். அட்டையில் தன் பெயரை எழுதினாள்.

மதிப்பெண் நிறையக் கிடைத்தது. வீட்டில் அதைப் பார்த்த எங்கள் ஆச்சி, முதல் படத்தைச் சுட்டிக்காட்டி, "ஏட்டி, இது எந்த ஊர்க் குளம்?" என்று கேட்டார். தங்கை என் முகத்தைப் பார்த்தாள். எனக்கும் தெரியவில்லை. அன்று நான் பட்ட வெட்கம் சிறிதன்று. ஒரு குழந்தை கற்க வேண்டியதை நான் அவளிடமிருந்து பறித்துவிட்டேன் என்பது அப்போதுதான் புரிந்தது.

இங்கிலாந்துச் சிறுவர் செய்த பெரும்பணி

கணினியே இதற்குக் காரணம் என்று சொல்லிவிடலாமா? கூடாது. கணினியைக் கொண்டு சிறுவர்கள் செய்த அரும்பணி ஒன்று வரலாற்றில் இருக்கிறது.

1086-ஆம் ஆண்டில் இங்கிலாந்து மன்னர் முதலாம் வில்லியம், தம் நாட்டிலுள்ள நிலம், கால்நடை, ஆலை முதலியவற்றை ஊர் ஊராகக் கணக்கெடுக்கச் செய்தார். தோலில் எழுதப்பட்ட அந்நூலுக்கு "டூம்ஸ்டே புத்தகம்" என்று பெயர். அதன் 900-ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 1984-இல் பி.பி.சி. நிறுவனம் ஒரு புதிய கணக்கெடுப்பைத் தொடங்கியது. நாட்டை 4 கிலோமீட்டர் நீளமும் 3 கிலோமீட்டர் அகலமும் உள்ள கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் அங்குள்ள பள்ளிக்கோ குழுவுக்கோ ஒப்படைத்தார்கள். ஆயிரக்கணக்கான பள்ளிகள் கலந்துகொண்டன. சிறுவர்கள் தெருத்தெருவாக நடந்தார்கள், கடைகளை எண்ணினார்கள், முதியோரிடம் கேட்டார்கள், தங்கள் அன்றாட வாழ்க்கையை எழுதினார்கள். பிறகே, பி.பி.சி. மைக்ரோ என்னும் சிறு கணினியில் அவற்றைத் தட்டச்சு செய்தார்கள். 1986-இல் அவையெல்லாம் பெரிய ஒளித்தட்டுகளில் பதிந்து வெளிவந்தன.

அதே வகைக் கணினி நம் நாட்டுக்கும் வந்தது. 1984-இல் இந்திய அரசு தொடங்கிய "கிளாஸ்" என்னும் கணினிக் கல்வித் திட்டத்தின் கீழ், ஏறத்தாழ 250 பள்ளிகளுக்கு முதலில் வழங்கப்பட்டவை இந்தப் பி.பி.சி. மைக்ரோ கணினிகளே.

இங்கிலாந்துச் சிறுவரின் வரிசையைக் கவனியுங்கள். முதலில் கால்கள் நடந்தன. பிறகு வாய் கேட்டது. பிறகு கை எழுதியது. கடைசியில்தான் கணினி வந்தது. நானோ கடைசியில் வரவேண்டியதை முதலிலேயே கொண்டுவந்தேன்.

எங்கள் தெருவின் தண்ணீர்

இதை அறிந்தபின், கோடை விடுமுறையில் தங்கையை மீண்டும் அதே செயல்திட்டத்தைச் செய்யச் சொன்னேன். மதிப்பெண்ணுக்காக அல்ல, ஆச்சிக்குப் பதில் சொல்வதற்காக. தலைப்பை மட்டும் "எங்கள் தெருவின் தண்ணீர்" என்று சுருக்கிக்கொண்டோம்.

எங்கள் தெருவில் 26 வீடுகள். அம்மா துணைக்கு வர, தங்கை ஒரு குறிப்பேட்டுடன் வீடு வீடாகச் சென்றாள். கிணறு உண்டா, எத்தனை அடி ஆழம், இன்று நீர் இருக்கிறதா, ஆழ்துளைக் கிணறு எப்போது போட்டார்கள் என்பவையே அவள் கேட்ட கேள்விகள். மூன்று மாலைகளில் வேலை முடிந்தது. தெருவில் இருந்த கிணறுகள் 9. அவற்றுள் 3 மூடப்பட்டுவிட்டன; 4 வற்றிவிட்டன; 2-இல் மட்டுமே நீர் இருக்கிறது.

அதன் பின்னரே கணினியைத் திறந்தோம். சித்தி பன்னிரண்டாம் வகுப்புப் படித்தபோது அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினி அது. மின்கம்பியைச் செருகியே வைத்திருந்தால் இன்றும் உழைக்கிறது. நான் பக்கத்தில் அமர்ந்தேன், விசைப்பலகையைத் தொடவில்லை.

கணினி கற்பித்த மூன்று பாடங்கள்

முதலாவது, தமிழ்ப் பாடம். 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற "தமிழ்99" விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும், பெரும்பாலான மெய்வரிசை எழுத்துகள் வலக்கைப் பக்கமும் உள்ளன. "க" விசையைத் தட்டி "இ" விசையைத் தட்டினால் திரையில் "கி" தோன்றும். "அக்கா, ரெண்டும் சேர்ந்துட்டு!" என்று தங்கை கூவினாள். வகுப்பில் மனப்பாடம் செய்த உயிர்மெய்ப் பிறப்பு, அவள் விரல் நுனியில் விளங்கிவிட்டது.

இரண்டாவது, கணக்குப் பாடம். ஒரு கிணற்றின் ஆழம் 30 அடி. அவள் தவறுதலாக 300 என்று தட்டிவிட்டாள். பட்டை வரைபடம் வரைந்தபோது ஒரு பட்டை மட்டும் பனைமரம்போல் உயர்ந்து நின்றது. ஆச்சி எட்டிப் பார்த்து, "முந்நூறடிக் கிணறு வெட்டப் பூதமா வந்துச்சு?" என்று சிரித்தார். தங்கை குறிப்பேட்டைப் புரட்டித் திருத்தினாள். பிழையான எண்ணையும் கணினி கேள்வி கேட்காமல் அழகாக வரைந்து தந்தது. கிணற்றை அறிந்தவரே பிழையைக் கண்டுபிடித்தார். இதைப் பெற்றோரும் மனத்தில் கொள்ள வேண்டும்.

மூன்றாவது, அறிவியல் பாடம். 26 வீடுகளின் விவரத்தை வீட்டு வரிசைப்படி எழுதியிருந்தோம். அதை ஆண்டு வரிசைக்கு மாற்ற வேண்டுமானால், காகிதத்தில் முழுவதையும் திரும்ப எழுத வேண்டும். விரிதாளில் ஒரு நொடியில் மாறிற்று. பார்த்துக்கொண்டிருந்த தங்கை, "போர் போட்டதாலதான் கிணறு வத்திச்சா அக்கா?" என்று கேட்டாள். விடுமுறை முடிந்ததும் எங்கள் அறிவியல் ஆசிரியையிடம் இக்கேள்வியைக் கொண்டு சென்றேன். "ஒரு தெருவை வைத்து முடிவு சொல்லக் கூடாது, மழையளவும் பார்க்க வேண்டும், அடுத்த தெருவும் பார்க்க வேண்டும்" என்றார். தங்கை இப்போது அடுத்த தெருவுக்குச் சென்றுகொண்டிருக்கிறாள். முதல் செயல்திட்டம் விடைகளை அச்சிட்டதோடு முடிந்துவிட்டது. இரண்டாவது ஒரு கேள்வியைப் பெற்றெடுத்தது.

பாதுகாத்தல்

இங்கிலாந்துக் கதையில் இன்னும் ஒரு பகுதி உண்டு. ஒளித்தட்டைப் படிக்கும் கருவிகளின் விலை ஏறத்தாழ 5,000 பவுண்டு. ஆகவே உழைத்த பள்ளிகள் பலவற்றால் அதை வாங்க முடியவில்லை. கருவிகளும் விரைவில் வழக்கொழிந்தன. 2002-ஆம் ஆண்டளவில் அத்தட்டுகளைப் படிக்க முடியாமலே போய்விடுமோ என்ற அச்சம் எழுந்தது. அறிஞர்கள் முயன்று மீட்டனர். 2011-இல் சிறுவரின் பதிவுகள் இணையத்தில் வெளியாயின. ஆனால் 1086-இல் தோலில் எழுதிய நூலோ, இன்றும் லண்டனில் கியூ என்னுமிடத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது, கண்ணால் படிக்கலாம். ஆகவே குழந்தைகளின் குறிப்பேட்டை எறிந்துவிடாதீர்கள்; கணினியில் செய்ததற்கு அச்சுப் படி ஒன்றும் வையுங்கள்.

முடிவுரை

தோழியரே! நம்மில் பலருக்குத் தம்பி தங்கையர் உண்டு. இரவு எட்டு மணிக்கு அவர்கள் செயல்திட்டத்துடன் வந்து நின்றால், செய்து கொடுப்பது எளிது. அது அன்பு போலவும் தோன்றும். ஆனால் குறிப்பேட்டைக் கையில் கொடுத்து உடன் நடப்பதே உண்மையான அன்பு. மதிப்பிற்குரிய ஆசிரியைகளும் சகோதரிகளும் வெள்ளி நாடாவைப் பாராமல், "இது எந்த ஊர்க் குளம்?" என்று குழந்தையிடம் ஒரு கேள்வி கேட்டால் போதும், ஜெராக்ஸ் கடைச் செயல்திட்டங்கள் தாமே மறையும்.

என் தங்கையின் இரண்டாவது செயல்திட்டத்திற்கு அட்டை இல்லை, நாடா இல்லை. ஆனால் அதிலுள்ள எந்தக் கிணற்றைக் காட்டி யார் கேட்டாலும், அது யார் வீட்டுக் கிணறு என்று அவள் சொல்வாள்.

— பத்தாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு