பி.பி.கிங்கும் நம்ம கானாவும்

கேள்வி: அப்பாவின் பழைய கேசட்டில் ப்ளூஸ் கலைஞர் பி.பி.கிங் வாசித்த கிட்டாரைக் கேட்டதிலிருந்து வேறெதுவும் காதில் ஏறவில்லை. ப்ளூஸ் கற்க எங்கே தொடங்குவது? நம் கானாவுக்கும் அதற்கும் உறவு உண்டா?

– ப்ளஸ் ஒன் மாணவி, திருவொற்றியூர்

பதில்: நேரடி உறவு கிடையாது. ஆனால் இரண்டுமே உழைப்பாளிகளின் பாட்டு. ப்ளூஸ், அமெரிக்கத் தென்பகுதியின் பருத்திக்காடுகளில் பாடுபட்ட கறுப்பின மக்களிடம் பிறந்தது. கானா, வடசென்னையின் கூலிக்காரர்கள், ரிக்‌ஷாக்காரர்கள் மத்தியில், சாவு வீட்டு இரவுகளில் வளர்ந்தது. கானாவோடு கிட்டாரையும் டிரம்ஸையும் சேர்த்து 2018இல் மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவை அவசியம் கேளுங்கள்.

தொடங்குவதற்கு மூன்று கார்டு போதும்: ஈ7, ஏ7, பி7. நாலு எண்ணினால் ஒரு பார். ஈ7 நாலு பார், ஏ7 இரண்டு, மறுபடி ஈ7 இரண்டு, பி7 ஒன்று, ஏ7 ஒன்று, முடிவில் ஈ7 இரண்டு. ஆக மொத்தம் 12. எத்தனையோ ப்ளூஸ் பாடல்கள் இந்தக் கணக்குக்குள்தான் சுற்றுகின்றன. வேகம் வேண்டாம், காலால் தாளம் தட்டியபடி நிதானமாக வாசியுங்கள்.

பிறகு, தந்தியை விரலால் தள்ளிச் சுருதியை ஏற்றும் 'பெண்ட்' பழகுங்கள். கமகம் கேட்டு வளர்ந்த காதுக்கு அது சீக்கிரம் பிடிபடும். விரல் நுனி காய்ப்பு ஏறும்வரை வலிக்கத்தான் செய்யும்.

கேட்பதற்கு, கிங்கின் 'லைவ் அட் தி ரீகல்' (1965). நம் நாட்டில் ஷில்லாங்கின் 'சோல்மேட்' குழு.