அஞ்சறைப் பெட்டியும் அரிசி டிரம்மும்

பெங்களூரில் அல்சூர் என்று ஓர் இடம். அங்கே தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. எங்கள் படிப்பு மையத்திற்கு வரும் ஓர் அக்காவின் வீடும் அங்கேதான். அக்கா தையல் வேலை செய்கிறார். இரவு ஏழு மணிக்கு மையத்திற்கு வருவார். இரண்டு ஆண்டுகளில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். இப்போது சுய உதவிக் குழுவின் கணக்கையும் அவரே பார்க்கிறார்.

அக்கா வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. மகன் படிப்புக்காக ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்தியதை வாங்கினார்கள். குழுவின் கணக்கு அதில்தான் இருக்கிறது. அக்காவின் வீட்டுக்காரர் மூன்று ஆண்டுகளுக்கு முன் இறந்துவிட்டார். அவருடைய படங்களும் அதில்தான் இருக்கின்றன.

ஒருநாள் அக்கா என்னிடம் கேட்டார்.

"தம்பி, பொத்தானை அமுக்கிட்டு அடுப்புல உலை வெச்சா, சோறு வெந்துடுது. கம்ப்யூட்டர் இன்னும் முழிக்கல. இதுக்கு ஒரு வழி இல்லையா?"

"இருக்கு அக்கா. புதுசா ஒரு எஸ்.எஸ்.டி. போடலாம்" என்றேன்.

"அப்போ பழைய டிஸ்க்?"

"அதுவும் இருக்கட்டும். ரெண்டுக்கும் வேலை இருக்கு."

இரண்டு டிஸ்க், இரண்டு குணம்

கம்ப்யூட்டர் எதையும் நினைவில் வைக்க ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தைத்தான் டிஸ்க் என்கிறோம். அதில் இரண்டு வகை உண்டு.

ஒன்று ஹார்டு டிஸ்க். இதனுள்ளே வட்டத் தகடுகள் சுற்றுகின்றன. பெரும்பாலும் நிமிடத்திற்கு 5400 முறை அல்லது 7200 முறை சுற்றும். ஒரு சிறு கை தகட்டின் மேல் நகர்ந்து நகர்ந்து எழுதும், படிக்கும். கேட்டது எங்கே இருக்கிறது என்று கை தேடிப் போக வேண்டும். அதனால்தான் தாமதம். ஆனால் குறைந்த விலையில் நிறைய இடம் கிடைக்கும்.

மற்றொன்று எஸ்.எஸ்.டி. இதில் சுற்றும் தகடு இல்லை. நகரும் கை இல்லை. பென் டிரைவில் இருப்பது போலச் சில்லுகள் இருக்கின்றன. கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும். சத்தம் வராது. அதே அளவு இடத்திற்கு ஹார்டு டிஸ்கைவிட விலை அதிகம்.

வேகத்தைப் பாருங்கள். ஹார்டு டிஸ்க் ஒரு நொடியில் சுமார் 100 முதல் 200 எம்.பி. வரை படிக்கும். கேபிளில் மாட்டும் சாதாரண எஸ்.எஸ்.டி. சுமார் 500 எம்.பி. படிக்கும். சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடி எடுப்பதில் வித்தியாசம் இன்னும் பெரிது.

அக்கா கேட்டுவிட்டுச் சொன்னார்:

"புரியுது தம்பி. எஸ்.எஸ்.டி. அஞ்சறைப் பெட்டி மாதிரி. கடுகு, சீரகம் அடுப்புக்குப் பக்கத்துலயே இருக்கணும். ஹார்டு டிஸ்க் அரிசி டிரம் மாதிரி. மூலையில இருக்கட்டும். நிறையப் பிடிக்கும்."

இதைவிட நன்றாக என்னால் சொல்ல முடியாது.

ஆக, கம்ப்யூட்டரை இயக்கும் விண்டோஸும், தினமும் திறக்கும் செயலிகளும் எஸ்.எஸ்.டி.யில் இருக்கட்டும். படம், பாட்டு, வீடியோ, பழைய கணக்கு எல்லாம் ஹார்டு டிஸ்கில் இருக்கட்டும்.

எவ்வளவு இடம் வேண்டும்?

டிஸ்கின் இடத்தை ஜி.பி. என்ற அளவில் சொல்கிறார்கள். 1000 எம்.பி. சேர்ந்தால் 1 ஜி.பி. கைபேசியில் எடுத்த ஒரு படம் 4 எம்.பி. என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 ஜி.பி.யில் 250 படங்கள் அடங்கும். 500 ஜி.பி.யில் 1,25,000 படங்கள் அடங்கும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. எனவே விண்டோஸ் 11 போட முடிவு செய்தோம். அக்காவின் கம்ப்யூட்டர் அதை ஏற்கும் என்று முதலிலேயே பார்த்துக்கொண்டோம். மிகப் பழைய கம்ப்யூட்டர்கள் ஏற்காது. விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 64 ஜி.பி. இடம் வேண்டும். எஸ்.பி. ரோடு கடைத்தெருவில் 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி. வாங்கினோம். அக்காவின் பழைய ஹார்டு டிஸ்க் 500 ஜி.பி.

தெரிந்துகொள்வோம்

1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் முதல் ஹார்டு டிஸ்கை வெளியிட்டது. அதில் 50 தகடுகள் இருந்தன. ஒவ்வொரு தகடும் 2 அடி அகலம். அவ்வளவு பெரிய பெட்டியில் சுமார் 50 லட்சம் எழுத்துகள்தான் அடங்கின. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு படத்திற்கே அது சரியாகிவிடும்!

எஸ்.எஸ்.டி.யில் இருப்பது ஃபிளாஷ் நினைவகம். இதை 1980-களில் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா கண்டுபிடித்தார்.

அன்று நடந்தது

ஞாயிற்றுக்கிழமை. அக்கா, மகன், நான் மூவரும் உட்கார்ந்தோம். பெட்டியைத் திறந்தோம். எஸ்.எஸ்.டி.யை மாட்டினோம். விண்டோஸ் உள்ள பென் டிரைவைச் செருகினோம். கம்ப்யூட்டரைப் போட்டோம்.

திரையில் ஒரு பட்டியல் வந்தது. விண்டோஸை எந்த டிஸ்கில் போட வேண்டும் என்று கேட்டது. டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று இருந்தது. எது பழையது, எது புதியது என்று பெயர் போடவில்லை.

நான் அவசரக்காரன். முதலில் இருப்பதுதான் புதியது என்று நினைத்தேன். அந்த வரியைத் தேர்ந்தெடுத்தேன். அதை அழிக்கும் பொத்தானுக்கு மவுஸைக் கொண்டுபோனேன்.

"நில்லு தம்பி" என்றார் அக்கா.

கை நின்றது.

"நாம வாங்கின டப்பாவுல 240-னு போட்டிருந்துச்சு. நான்தானே படிச்சேன். இங்க 465-னு இருக்கே. 240 படி பிடிக்கிற பானையில 465 படி எப்படி வரும்?"

நான் திரையைப் பார்த்தேன். முதல் டிஸ்கின் பெரிய வரியில் 465 என்று இருந்தது. கீழே இன்னொரு வரியில் 223 என்று இருந்தது.

465 பழைய ஹார்டு டிஸ்க். குழுவின் கணக்கு அதில் இருந்தது. அவருடைய படங்கள் அதில் இருந்தன. வேறு எங்கும் ஒரு காப்பிகூட இல்லை.

எனக்கு உடம்பு வியர்த்தது. மகன் பேசவில்லை. அக்கா மெதுவாகச் சொன்னார்: "எழுத்து இங்கிலீஷு. எனக்குத் தெரியாது. எண் நம்ம எண்தானே."

பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவன் நான். படிக்காமல் அழுத்தப் போனவனும் நான்தான். கம்ப்யூட்டரை அப்படியே அணைத்தோம். எல்லாவற்றையும் முதலிலிருந்து, சரியான முறையில் செய்தோம்.

240 எப்படி 223 ஆனது?

கடைக்காரர் ஏமாற்றவில்லை. அளவை வேறு. அவ்வளவுதான்.

டிஸ்க் செய்யும் நிறுவனம் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது. விண்டோஸ் 1024, 1024 ஆக எண்ணுகிறது. சின்னப் படியால் அளந்த அரிசியைப் பெரிய படியால் அளந்து பாருங்கள். எண்ணிக்கை குறையும். அரிசி குறையாது.

அதனால் விண்டோஸ் திரையில் 240 ஜி.பி. டிஸ்க் ஏறக்குறைய 223 என்று தெரியும். 500 ஜி.பி. டிஸ்க் ஏறக்குறைய 465 என்று தெரியும். 1000 ஜி.பி. டிஸ்க் ஏறக்குறைய 931 என்று தெரியும்.

இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உதவும்.

சரியான முறை

1. முதலில் காப்பி எடுங்கள். முக்கியமான படம், கணக்கு எல்லாவற்றையும் வேறொரு டிஸ்கிலோ பென் டிரைவிலோ காப்பி செய்யுங்கள். காப்பி திறக்கிறதா என்று பாருங்கள். அதுவரை ஸ்குரூ டிரைவரைத் தொடாதீர்கள்.

2. கம்ப்யூட்டரை அணையுங்கள். பிளக்கைப் பிடுங்குங்கள். பெட்டியின் இரும்புப் பகுதியைக் கையால் ஒருமுறை தொடுங்கள். உடம்பில் இருக்கும் நிலை மின்சாரம் இறங்கிவிடும். அது சில்லுகளைக் கெடுக்கக் கூடியது.

3. பக்கவாட்டு மூடியைக் கழற்றுங்கள். கழற்றிய ஸ்குரூக்களை ஒரு கிண்ணத்தில் போட்டு வையுங்கள்.

4. எஸ்.எஸ்.டி.யை அதற்கான இடத்தில் ஸ்குரூ வைத்துப் பொருத்துங்கள். அதற்கு இரண்டு கேபிள் உண்டு. சிறிய முனை உள்ளது தகவல் கேபிள். அது மதர்போர்டுக்குப் போகும். அகல முனை உள்ளது மின்சாரக் கேபிள். இரண்டும் ஒரு பக்கமாகத்தான் பொருந்தும். பொருந்தாவிட்டால் திருப்பிப் பாருங்கள். அழுத்தாதீர்கள். சில எஸ்.எஸ்.டி. சிறு பட்டை போல இருக்கும். அதற்குக் கேபிள் வேண்டாம். மதர்போர்டில் அதற்கான இடம் இருந்தால் நேராகச் செருகலாம்.

5. பழைய ஹார்டு டிஸ்கின் இரண்டு கேபிள்களையும் கழற்றிவிடுங்கள். இதுதான் பெரிய பாதுகாப்பு. இணைக்காத டிஸ்கை யாராலும் தவறி அழிக்க முடியாது.

6. விண்டோஸ் உள்ள பென் டிரைவைச் செருகிக் கம்ப்யூட்டரைப் போடுங்கள். இந்தப் பென் டிரைவைத் தயாரிக்கும்போது அதில் முன்பு இருந்தது அழிந்துவிடும். எனவே காலியான, குறைந்தது 8 ஜி.பி. உள்ளதை எடுங்கள். இப்போது பட்டியலில் ஒரே டிஸ்க்தான் தெரியும். அதன் எண்ணைப் படியுங்கள். சரி என்றால் அதில் விண்டோஸைப் போடுங்கள்.

7. வேலை முடிந்ததும் அணையுங்கள். மீண்டும் பிளக்கைப் பிடுங்குங்கள். ஹார்டு டிஸ்கின் கேபிள்களை மாட்டுங்கள். பழைய டிஸ்கிலும் ஒரு விண்டோஸ் இருக்கும். அதனால் முதலில் எஸ்.எஸ்.டி.யைப் பார் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரைப் போட்டவுடன் எஃப்2 அல்லது டெலீட் விசையை அழுத்தினால் பல கம்ப்யூட்டர்களில் அந்த வரிசை வரும்.

8. ஹார்டு டிஸ்கை ஃபார்மட் செய்யவா என்று திரை கேட்டால், வேண்டாம் என்று சொல்லுங்கள். ஃபார்மட் என்றால் துடைத்துவிடுவது. ஏன் கேட்கிறது என்று தெரிந்தவரிடம் விசாரியுங்கள்.

9. விண்டோஸில் படங்களுக்கும் கணக்குகளுக்கும் தனித்தனி ஃபோல்டர் இருக்கும். அதன்மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்துங்கள். பிராப்பர்ட்டீஸ் என்ற இடத்தில், லொகேஷன் என்ற பகுதி உண்டு. அங்கே ஹார்டு டிஸ்கைக் காட்டிவிட்டால், இனி வரும் படங்கள் தாமாக அங்கே போய்ச் சேரும்.

இப்போது

அக்கா பொத்தானை அமுக்குகிறார். அரிசி கழுவி முடிப்பதற்குள் கம்ப்யூட்டர் தயாராகிவிடுகிறது.

அவர் இன்னொரு வேலையும் செய்தார். தையல் கூலியில் மிச்சம் பிடித்து ஒரு வெளி ஹார்டு டிஸ்க் வாங்கினார். குழுவின் கணக்கையும் படங்களையும் அதில் காப்பி செய்தார். அதைத் தங்கை வீட்டில் கொடுத்து வைத்தார். மாதம் ஒருமுறை வாங்கிவந்து புதிய கணக்கைச் சேர்க்கிறார்.

"ரெண்டு டிஸ்க் உள்ளேயே இருக்கே. மூணாவது எதுக்கும்மா?" என்று மகன் கேட்டான்.

"அஞ்சறைப் பெட்டியும் அரிசி டிரம்மும் ஒரே வீட்டுல இருக்கு. வீட்டுல தண்ணி புகுந்தா ரெண்டும்தானே போகும்?" என்றார் அக்கா.

உண்மைதான். எஸ்.எஸ்.டி. வேகமானது. ஆனால் அதுவும் ஒருநாள் திடீரென்று நிற்கலாம். ஹார்டு டிஸ்க் பெரியது. ஓடும்போது கீழே விழுந்தால் கெட்டுவிடும். வழக்கத்திற்கு மாறாக டக், டக் என்று சத்தம் வந்தால் உடனே காப்பி எடுக்க வேண்டும். ஒரே இடத்தில் இருக்கும் பொருள் பத்திரமாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. இரண்டு இடத்தில் இருந்தால்தான் பத்திரம்.

பேசுவோம்

1. அக்கா எதைப் படித்து ஆபத்தைத் தடுத்தார்?
2. படித்த ஒருவர் செய்வதைத் தடுத்துக் கேட்க நமக்குத் தயக்கம் வருகிறதா? ஏன்?
3. உங்கள் வீட்டுப் படங்கள் எங்கே இருக்கின்றன? இன்னொரு காப்பி இருக்கிறதா?

கணக்கு

1. ஒரு படம் 4 எம்.பி. என்றால், 2 ஜி.பி.யில் எத்தனை படங்கள் அடங்கும்?
2. 465-லிருந்து 223-ஐக் கழியுங்கள்.
3. திரையில் 931 என்று தெரிகிறது. டப்பாவில் என்ன எண் இருந்திருக்கும்?

செய்வோம்

ஃபார்மட், டெலீட் ஆகிய இரண்டு சொற்களும் ஆங்கிலத்தில் எப்படி இருக்கும் என்று உங்கள் தொண்டரிடம் எழுதி வாங்குங்கள். அந்த வடிவத்தைப் பார்த்துப் பழகுங்கள். கைபேசியிலோ கம்ப்யூட்டரிலோ அந்தச் சொல் வந்தால் கையை எடுத்துவிடுங்கள். ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். பிறகு முடிவு செய்யுங்கள்.