விளையாட்டுப் பலகையும் கணக்குப் பாடமே

“கணக்கு எனக்கு வராது” என்று சொல்லும் தோழியர் நம்மில் பலர். ஆனால் அவர்களே தாயக்கட்டை உருட்டுகையில் மனத்துக்குள் விரைவாகக் கணக்குப் போடுகிறார்கள்! ஆட்டம் அச்சத்தை நீக்கிவிடுவதே இதன் காரணம்.

கையால் தொட்டுப் பழகும் கல்வியே குழந்தையின் மனத்தில் நிலைக்கும் என்பதை மரியா மாண்டிசோரி அம்மையார் 1907-ல் உரோமை நகரில் பள்ளி தொடங்கிக் காட்டினார். 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அளித்தார். அத்தகைய கல்விக் கருவிகள் நம் வீட்டுப் பரணிலும் உண்டு.

பல்லாங்குழி: பதினான்கு குழிகள்; குழிக்கு ஐந்து காய் வீதம் 70 புளியங்கொட்டைகள். பெருக்கல் வாய்பாடு இங்கே கண்முன் விரிகிறது. எந்தக் குழியை எடுத்தால் கடைசிக் காய் எங்கே விழும் என்று முன்கூட்டியே எண்ணுபவளே வெல்கிறாள். பள்ளிக்குச் சென்றறியாத பாட்டிமார் பலர் இதில் நம்மை எளிதாகத் தோற்கடிப்பார்கள். அவர்களுக்குக் கணக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்வது?

தாயம்: ஒவ்வொரு கட்டையிலும் 0, 1, 2, 3 என நான்கு முகங்கள். இரண்டு கட்டைகளை உருட்டினால் 16 வகையாக விழலாம். அவற்றுள் ‘தாயம்’ என்னும் ஒன்று விழ இரண்டு வழிகளே. மூன்று விழவோ நான்கு வழிகள். தாயம் அவ்வளவு எளிதில் விழாததன் காரணம் இதுவே. பத்தாம் வகுப்பில் நாம் படிக்கும் நிகழ்தகவு பாடம் இதுதான்!

ஆடுபுலி ஆட்டம்: மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள். தனித்து நிற்கும் ஆட்டைப் புலி தாண்டி வெட்டிவிடும். அணிவகுத்து நின்றால் ஆடுகள் புலிகளை அசையவிடாமல் அடைத்துவிடும். வடிவியலோடு ஒற்றுமையின் வலிமையையும் இவ்வாட்டம் கற்பிக்கிறது.

இவை தவிர, முறை வரும்வரை காத்திருக்கும் பொறுமையும், தோற்றாலும் சிரிக்கும் பண்பும் ஆட்டத்தில் தாமே வளர்கின்றன. பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: தம்பி தங்கையருடன் ஆடும்போது இடையிடையே கேள்வி கேட்டு ஆட்டத்தைத் தேர்வாக்கிவிடாதீர்கள். தவறாக எண்ணினால் குழந்தை தானே கண்டு திருத்திக்கொள்ளட்டும்.

தோழியரே! பலகை இல்லையென்று வருந்த வேண்டாம். தரையில் சுண்ணக்கட்டியால் கோடு வரையுங்கள், கூழாங்கற்களே காய்களாகும். வரும் விடுமுறையில் கணக்கை அஞ்சும் ஒரு சிறுமியை அழைத்து உடன் அமர்த்திக்கொள்ளுங்கள். இறைவன் அவளுக்குத் தந்துள்ள அறிவை அவளே கண்டுகொள்வாள்.